கஞ்சித் தொட்டிக்குள் மூழ்காத அல்பம்: ஸ்லோடைவும் விமர்சகர்களும்

1993இல் இங்கிலாந்தின் 'மெலடி மேக்கர்' வார இதழில் வந்த ஒரு இசை விமர்சனம் இண்டைக்கு அந்த இதழை விடப் பிரபலம். எழுதியவர் டேவ் சிம்ப்சன். அவர் எழுதியது ஸ்லோடைவ் குழுவின் இரண்டாவது அல்பமான 'சுவ்லாக்கி' பற்றி. இதில் ஆன்மா என்று ஒன்றும் இல்லை, வெறும் வெறுமைதான் இருக்கு. இதை இன்னொருக்கா கேட்பதை விட ஒரு குளியல் தொட்டி நிறையக் கஞ்சிக்குள் மூச்சுத் திணறிச் சாகலாம் என்பதுதான் அவருடைய தீர்ப்பு.

சரியா முப்பது வருசம் கழித்து, 2023 செப்டெம்பர் 1ஆம் திகதி, அதே குழுவின் ஐந்தாவது அல்பம் 'எவ்ரிதிங் இஸ் அலைவ்' வெளியானது. பிரித்தானிய அல்பம் பட்டியலில் 6ஆம் இடம். அவர்கள் முதல் பத்துக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. விமர்சனங்களும் பெரும்பாலும் பாராட்டுத்தான்.

இந்தக் கதையை வழமையா ஒரே மாதிரித்தான் சொல்லுவினம்: அண்டைக்கு விமர்சகர்கள் பிழை விட்டவை, காலம் சரியான தீர்ப்பைச் சொல்லிட்டுது. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் எனக்கு அதில் அரைவாசிதான் உடன்பாடு. அந்த விமர்சகர்கள் எதைக் கேட்டு அப்படி எழுதினார்கள், பிறகு அந்த அல்பத்தை ஆர் காப்பாற்றினது, இண்டைக்குப் பாராட்டுகிற ஆக்கள் எதைக் கேட்டுப் பாராட்டுகினம் என்ற மூன்று கேள்விகளையும் அந்தக் கதை தாண்டிப் போய்விடுகிறது.

கனவு இசையும் சப்பாத்தும்

முதலில் இந்த இசை என்ன என்று பார்ப்பம். 'ட்ரீம் பொப்' என்ற பெயரை எண்பதுகளின் கடைசியில் தங்கட இசைக்கு வைத்தவர்கள் ஏ.ஆர். கேன் என்ற இரட்டையர்: அலெக்ஸ் அயுலி, ரூடி தம்பாலா. கிழக்கு லண்டனைச் சேர்ந்த கறுப்பின இளைஞர்கள். இந்தப் பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கோ. பிறகு இந்த இசையை 'வசதியான வெள்ளைக்காரப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு' என்று நக்கலடிக்கிற ஒரு காலம் வரும். அப்போது இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை.

இந்த வகை இசையில் கிற்றார் கிற்றார் மாதிரிக் கேட்காது. சத்தத்தை எதிரொலிக்க வைக்கிற, இழுத்து நீட்டுகிற, மங்கச் செய்கிற சின்னச் சின்னப் பெட்டிகளுக்குள்ளால் அது போய் வெளியில் வரும். பல கிற்றார்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். பாடகரின் குரல் முன்னுக்கு நிற்காது. அதுவும் அந்த அடுக்குக்குள் ஒரு வாத்தியம்தான். வரிகள் பல இடத்தில் விளங்காது. விளங்க வைக்கிற நோக்கமும் பெரிசா இல்லை.

இந்தப் பெட்டிகள் மேடையில் கால் அடியில் இருக்கும். காலால் அமத்தி மாத்த வேண்டும். அதனால வாசிக்கிற ஆக்கள் எப்பவும் கீழே குனிந்துகொண்டே நிற்பார்கள். பிரித்தானிய இசைப் பத்திரிகைகள் இதைப் பார்த்து 'ஷூகேஸர்கள்' என்று பெயர் வைத்தன. அதாவது சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவர்கள். இண்டைக்கு அது ஒரு இசை வகையின் பெயர். தொடங்கினபோது அது ஒரு பட்டம் தெளிப்பு.

ஸ்லோடைவ் 1989இல் லண்டனுக்கு மேற்கே உள்ள ரெடிங் என்ற ஊரில் தொடங்கியது. நீல் ஹால்ஸ்டெட்டும் ரேச்சல் கொஸ்வெல்லும் சின்ன வயசிலிருந்தே நண்பர்கள். இரண்டு பேரும் பாடுவார்கள், கிற்றார் வாசிப்பார்கள். அலன் மக்கீயின் 'கிரியேஷன்' நிறுவனம் இவர்களை ஒப்பந்தம் செய்தது. 1990இல் முதல் இசைத்தட்டு வந்தபோது 'என்.எம்.ஈ.' இதழ் அதை வாரத்தின் சிறந்த வெளியீடாகத் தெரிவு செய்தது. அப்போது அவர்களுக்கு வயசு இருபது, பத்தொன்பது.

ஆக, தொடக்கத்தில் இதே பத்திரிகைகள்தான் இவர்களைத் தூக்கி வைத்தன. இது முக்கியம்.

வாரத்துக்கு ஒரு புதுசு

பிரித்தானியாவில் அந்தக் காலத்தில் இசைக்கென்றே வார இதழ்கள் இருந்தன. 'மெலடி மேக்கர்' 1926இல் தொடங்கினது, 'என்.எம்.ஈ.' 1952இல். மூன்றாவதான 'சவுண்ட்ஸ்' 1991இல் மூடப்பட்டது. இணையம் இல்லாத காலம். ஒரு புதுக் குழுவின் இசையைக் கேட்க வேண்டுமென்றால் வானொலியில் போட வேண்டும், இல்லாட்டி காசு குடுத்து வாங்க வேண்டும். எதை வாங்கலாம் என்று சொல்கிற அதிகாரம் இந்த இதழ்களிடம் இருந்தது. ஒரு பக்க விமர்சனம் ஒரு குழுவின் ஒரு வருசத்தைத் தீர்மானிக்கலாம்.

ஆனால் வார இதழுக்கு ஒரு பிரச்சினை இருக்கு: ஒவ்வொரு கிழமையும் அட்டையில் போட ஏதாவது வேணும். போன வருசம் கொண்டாடினதை இந்த வருசமும் கொண்டாடினால் ஆர் வாங்குவினம்? அதனால ஏத்துறதும் அவர்கள்தான், இறக்கிறதும் அவர்கள்தான். ஷூகேஸ் குழுக்கள் லண்டனில் ஒருவருடைய நிகழ்ச்சிக்கு மற்றவர் போய், சேர்ந்து குடித்துக் கதைத்துக்கொண்டிருந்ததைக் கூட 'தன்னைத் தானே கொண்டாடுகிற கூட்டம்' என்று மெலடி மேக்கர் பெயர் வைத்து எழுதியது. போட்டி போடாமல் நண்பர்களாக இருந்தது அவர்களின் குற்றம்.

1991 செப்டெம்பரில் ஸ்லோடைவின் முதல் அல்பம் 'ஜஸ்ட் ஃபோர் அ டே' வந்தது. 32ஆம் இடம். அதே மாதம் அமெரிக்காவிலிருந்து நிர்வானாவின் 'நெவர்மைண்ட்' வந்தது. கத்துகிற குரல், கிழிந்த உடுப்பு, நேரடிக் கோபம். கொஞ்ச நாளில் பத்திரிகைகளின் காது அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. அதுக்குப் பதில் சொல்ல பிரித்தானியாவுக்கும் சொந்தமா ஒன்று தேவைப்பட்டது. 1992 ஏப்ரலில் ஒரு இசைத்தட்டுக்கூட வெளியிடாத 'ஸ்வேட்' குழுவை மெலடி மேக்கர் தன் அட்டையில் போட்டு, நாட்டின் மிகச் சிறந்த புதிய குழு என்று அறிவித்தது. 1993 வசந்தத்தில் 'செலக்ட்' மாத இதழ் அதே குழுவின் பாடகரைப் பிரித்தானியக் கொடியோடு அட்டையில் போட்டு, அமெரிக்கர்களை வீட்டுக்குப் போகச் சொன்னது. பிறகு 'பிரிட்பொப்' என்று பெயர் பெற்ற அலை இதுதான். அதில் முகம் வேணும், பேச்சு வேணும், நாட்டைப் பற்றி ஒரு கருத்து வேணும். குனிந்து நிற்கிறவர்களுக்கு அதில் இடமில்லை.

அந்தக் கோபத்துக்கும் ஒரு நியாயம்

இந்த இடத்தில் விமர்சகர்களைச் சும்மா வில்லனாக்க நான் விரும்பவில்லை. அண்டைய பிரித்தானியாவை யோசித்துப் பாருங்கோ. தட்சர் 1990 நவம்பரில் போய்விட்டார், அவர் விட்டுப்போன காயம் போகவில்லை. 1993 தொடக்கத்தில் வேலை இல்லாதவர்கள் கிட்டத்தட்ட 30 லட்சம். நிலக்கரிச் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டுக்கொண்டிருந்தன. அந்த நேரத்தில் வசதியான தென் இங்கிலாந்திலிருந்து கொஞ்சம் இளம் ஆக்கள் வந்து, வரிகள் விளங்காத அழகான புகைமூட்டமொன்றை வாசித்தால், 'உங்களுக்குச் சொல்ல ஒன்றும் இல்லையா?' என்று கேட்கத் தோன்றும்.

மானிக் ஸ்ட்ரீட் பிரீச்சர்ஸ் குழுவின் ரிச்சி எட்வர்ட்ஸ், தாங்கள் ஹிட்லரை விடவும் ஸ்லோடைவை வெறுப்பதாக ஒரு தடவை சொன்னார். கேட்க அபத்தம். ஆனால் அவர் வந்தது வேல்ஸின் சுரங்க ஊர்ப் பக்கம் ஒன்றிலிருந்து. கலை என்றால் அது எதையாவது எதிர்த்துக் கதைக்க வேண்டும் என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கை எங்களுக்கும் புதிசில்லை. எங்கட இலக்கியச் சண்டைகளில் பாதி இதைப் பற்றித்தானே.

ஆக, கேள்வி நியாயமானது. கேட்ட விதம்தான் பிரச்சினை. ஒரு வர்க்கத்தின் மேல் இருந்த கோபத்தை ஒரு அல்பத்தின் மேல் ஏத்தினார்கள். அல்பத்துக்குள் என்ன இருந்தது என்று பார்த்தால் இது விளங்கும்.

சுவ்லாக்கிக்குள் என்ன இருந்தது

ஹால்ஸ்டெட்டும் கொஸ்வெல்லும் காதலர்களாக இருந்து, இந்த அல்பம் உருவாகிற காலத்தில் பிரிந்தார்கள். பிரிந்த பிறகும் ஒரே குழுவில், ஒரே ஸ்ரூடியோவில், ஒரே பாட்டில் சேர்ந்து பாட வேண்டிய நிலை. ஹால்ஸ்டெட் வேல்ஸில் ஒரு தனி வீட்டுக்குப் போய் இருந்து சில பாட்டுக்களை எழுதினார். முதலில் எழுதினவற்றை மக்கீ கேட்டுப்போட்டு வேண்டாம் என்றுவிட்டார். அல்பத்தைத் தயாரித்துத் தரச் சொல்லி பிரையன் ஈனோவைக் கேட்டார்கள். அவர் தயாரிக்க மாட்டேன் என்றார், ஆனால் சில நாள் சேர்ந்து வேலை செய்தார். இரண்டு பாட்டுக்களில் அவருடைய பங்கு இருக்கு.

கடைசிப் பாட்டு 'டாகர்'. அதில் புகைமூட்டமே இல்லை. கிட்டத்தட்ட ஒரு கிற்றாரும் குரல்களும்தான். தான் நேசித்த ஒருவரைத் தானே காயப்படுத்துகிற ஒருவனின் பாட்டு. அதில் கொஸ்வெல்லின் குரலும் பின்னால் கேட்கும். யார் பிரிந்தார்களோ அவர்கள் இரண்டு பேரும் அந்தப் பிரிவைப் பாடுகினம். அப்போது இரண்டு பேருக்கும் வயசு 22.

இந்த அல்பத்தைத்தான் ஆன்மா இல்லாதது என்று எழுதினது. பிடிக்கவில்லை என்று எழுதியிருக்கலாம். சத்தம் சலிக்குது, வரி விளங்கேல்லை என்று எழுதியிருக்கலாம். அது எல்லாம் கேட்டவரின் உரிமை. ஆனால் அந்தத் தீர்ப்பில் ஒரு பாட்டு எப்படி ஒலிக்குது என்பதை விட, இந்த வகை ஆக்கள் மேல் இருந்த எரிச்சல்தான் பெரிசாத் தெரியுது. எல்லாரும் அப்படி எழுதவில்லை என்பதையும் சொல்ல வேணும். போட்டி இதழான என்.எம்.ஈ.யில் வந்த விமர்சனம் நல்ல மாதிரியாகத்தான் இருந்தது. ஆனால் நல்ல மாதிரி எழுதினது ஒருவருக்கும் ஞாபகமில்லை. கஞ்சிதான் ஞாபகம்.

அல்பம் 51ஆம் இடத்தோடு நின்றது. அமெரிக்காவில் அது 1994 வரை வெளிவரவே இல்லை. 1993 மே 31ஆம் திகதி, சுவ்லாக்கி வெளிவருகிற அதே நாட்களில், மக்கீ கிளாஸ்கோவில் ஒரு சின்ன மண்டபத்தில் ஒயாசிஸ் என்ற குழுவைப் பார்த்தார். கிரியேஷனின் எதிர்காலம் அண்டைக்கே மாறிவிட்டது. 1995 பெப்ரவரியில் ஸ்லோடைவின் மூன்றாவது அல்பம் 'பிக்மேலியன்' வந்தது. இன்னும் அமைதியான, கிட்டத்தட்ட வெறுமையான இசை. ஒரு கிழமைக்குள் கிரியேஷன் அவர்களை விலக்கிவிட்டது. அதோடு குழு முடிந்தது.

ஹால்ஸ்டெட்டும் கொஸ்வெல்லும் 'மொஹாவி 3' என்ற பெயரில் நாட்டுப்புறச் சாயலுள்ள இசை செய்தார்கள். பேஸ் கிற்றார் வாசித்த நிக் சப்ளின் இசையை விட்டே விலகினார். விமர்சனம் மட்டும் அவர்களை அழித்தது என்று நான் சொல்லவில்லை. நிறுவனம், சந்தை, காலம் எல்லாம் சேர்ந்துதான். ஆனால் 24 வயசில் ஒருவர் 'இது எங்களுக்குச் சரிவராது' என்று முடிவெடுக்கிறபோது அந்தப் பக்கங்களும் அவர் கையில் இருந்திருக்கும்.

காலம் ஒன்றும் செய்யவில்லை

இனி 'காலம் தீர்ப்புச் சொன்னது' என்ற கதை. காலம் தானாக ஒன்றும் செய்யாது. நல்லது என்று சொல்லத்தக்க எத்தனையோ அல்பங்கள் மறந்துபோய்க் கிடக்கின்றன. சுவ்லாக்கி மறக்கப்படாமல் இருந்ததுக்குப் பெயர் சொல்லக்கூடிய ஆக்கள் காரணம்.

அமெரிக்க இயக்குநர் கிரெக் அராக்கி ஒருவர். ஸ்லோடைவ் குழுவே இல்லாத காலத்தில் அவர் தன் படங்களில் அவர்களின் இசையைத் திரும்பத் திரும்பப் போட்டார். 1997இல் வந்த 'நோவேர்', 2004இல் வந்த 'மிஸ்டீரியஸ் ஸ்கின்' இரண்டும் ஸ்லோடைவின் இசையோடுதான் தொடங்கும். அந்தப் படங்களைப் பார்த்த இளம் ஆக்களுக்கு 1993இல் மெலடி மேக்கர் என்ன எழுதியது என்று தெரியாது. அவர்களுக்கு அது ஒரு படத்தின் இசை, ஒரு தனிமையின் சத்தம். அவ்வளவுதான்.

ஜேர்மனியின் 'மோர் மியூசிக்' நிறுவனம் இன்னொன்று. 2002இல் அவர்கள் ஸ்லோடைவின் பாட்டுக்களை மின்னிசைக் கலைஞர்கள் தங்கட பாணியில் திருப்பிச் செய்த ஒரு தொகுப்பை வெளியிட்டார்கள். லண்டன் பத்திரிகைகள் தூக்கி எறிந்ததை ஜேர்மன் மின்னிசைக்காரர்கள் எடுத்து, இதில் எங்களுக்குத் தேவையான ஒன்று இருக்கு என்று காட்டினார்கள். 'பிக்மேலியன்' இவ்வளவு வெறுமையாக இருந்தது ஏன் என்பது அவர்களுக்கு விளங்கியது. அவர்கள் செய்ததும் அதுதானே.

பிறகு இணையம் வந்தது. ஆரோ ஒருவர் ஒரு கோப்பை இன்னொருவருக்கு அனுப்ப, அவர் இன்னொருவருக்கு அனுப்ப, பழைய அல்பம் ஒன்று எந்த ஊரிலும் புதுசாப் போய்ச் சேரலாம் என்ற நிலை வந்தது. எதைக் கேட்கலாம் என்று சொல்கிற அதிகாரம் வார இதழ்களின் கையை விட்டுப் போனது. மெலடி மேக்கர் 2000 டிசெம்பரோடு நின்றுவிட்டது.

2014இல் ஸ்லோடைவ் திரும்பச் சேர்ந்து பார்சிலோனாவின் பிரிமவேரா இசைவிழாவில் வாசித்தது. 2016இல் 'பிச்ஃபோர்க்' இணைய இதழ் ஷூகேஸ் வகையின் சிறந்த 50 அல்பங்களைப் பட்டியலிட்டபோது சுவ்லாக்கிக்கு இரண்டாம் இடம் குடுத்தது. 2017இல் 22 வருடங்களுக்குப் பிறகு, குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்ட அல்பம் வந்து 16ஆம் இடம் பிடித்தது. அதுக்குப் பிறகு ரிக்ரொக்கில் சுவ்லாக்கியின் பாட்டுக்களைப் போட்டுப் பரப்பினது அந்த அல்பம் வெளிவந்தபோது பிறந்திருக்கக்கூட இல்லாத பிள்ளைகள்.

2023: இன்னொரு விதமான செவிடு

இப்ப 'எவ்ரிதிங் இஸ் அலைவ்'. எட்டுப் பாட்டுக்கள். ஹால்ஸ்டெட் முதலில் இதை மின்னிசை சார்ந்த, மிக எளிமையான ஒரு வேலையாகத் தொடங்கினார். முதல் பாட்டான 'ஷான்டி'யின் ஆரம்பத்தில் சுழல்கிற அந்த ஒலி அதன் மிச்சம். 2020இல் கொஸ்வெல்லின் அம்மாவும், ட்றம்ஸ் வாசிக்கிற சைமன் ஸ்கொட்டின் அப்பாவும் இறந்தார்கள். அல்பம் அவர்களுக்குச் சமர்ப்பணம். 'பிரேயர் ரிமெம்பர்ட்' என்ற பாட்டில் வரியே இல்லை. ஐம்பது வயசு தாண்டினவர்கள் துக்கத்தை எப்படி வைத்திருப்பார்கள் என்பது அதில் கேட்கும்: அழுகை இல்லை, அவசரம் இல்லை. 'கிஸ்ஸஸ்' பாட்டு அதுக்கு நேர்மாறாகத் துள்ளிக்கொண்டு போகும்.

விமர்சனங்கள் இதைப் பாராட்டின. ஆனால் வாசிக்கிறபோது ஒன்று உறுத்துகிறது. பல விமர்சனங்களில் முதல் பந்திகள் பழைய கதைக்குத்தான்: வெறுக்கப்பட்டார்கள், கைவிடப்பட்டார்கள், திரும்பி வந்தார்கள், வென்றார்கள். அது முடிந்து புது அல்பத்துக்கு வருகிறபோது பாராட்டு ஏற்கெனவே முடிவாகிவிட்டது. 1993இல் 'இந்த ஆக்களுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை' என்ற கதை பாட்டைக் கேட்க விடவில்லை. 2023இல் 'இந்த ஆக்களுக்கு அநியாயம் நடந்தது' என்ற கதை அதே வேலையைச் செய்யலாம். இரண்டாவது கதை அன்பானது, நானும் அதை விரும்புகிறேன். ஆனாலும் அது ஒரு கதைதான். என் காதில் புது அல்பத்தின் நடுப்பகுதியில் ஒன்றிரண்டு பாட்டுக்கள் ஒன்றையொன்று திருப்பிச் சொல்கின்றன. 1993இல் இதைச் சொல்லியிருந்தால் கூட்டத்தோடு கூட்டமாகக் கல்லெறிந்தவனாகியிருப்பன். இண்டைக்குச் சொன்னால் நன்றி கெட்டவன். இரண்டு காலத்திலும் சாதாரணமாக ஒரு அல்பத்தைக் கேட்டுச் சாதாரணமாக ஒரு குறை சொல்வது கஷ்டமாகத்தான் இருக்கு.

எழுதுகிற எங்களுக்கு

நாங்களும் விமர்சனம் எழுதுகிறம். ஒரு படம் வந்து முதல் காட்சி முடிய முதலே முகநூலில் தீர்ப்பு வந்துவிடுகிறது. ஒரு கவிதைத் தொகுப்பை வாசிக்க முதலே அதை எழுதினவர் எந்த அணி, எந்த ஊர், ஆற்றை ஆள் என்று தெரிந்துவிடுகிறது. அதுக்கேற்ற மாதிரி வரிகளும் தயாராகிவிடுகின்றன. நக்கலான வரிக்கு விருப்பக்குறிகள் கூட விழும் என்பதும் எல்லாருக்கும் தெரியும்.

ஆர் எந்த இடத்திலிருந்து எழுதுகினம் என்று கேட்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. கேட்கத்தான் வேணும். வர்க்கம், சாதி, பால் எதுவும் கலைக்கு வெளியில் இல்லை. ஆனால் அந்தக் கேள்வி படைப்புக்குள் எங்கே தெரியுது என்று காட்ட வேண்டும். எந்தப் பாட்டில், எந்த வரியில், எந்தச் சத்தத்தில்? காட்ட முடியாவிட்டால் நாங்கள் ஆளைத்தான் விமர்சிக்கிறம். அந்தப் பக்கத்தில் இருப்பதும் அனேகமாக 22 வயசு ஒருவர். முதல் தொகுப்பு, முதல் குறும்படம், முதல் பாட்டு. ஸ்லோடைவுக்குத் திரும்பி வர 19 வருசம் எடுத்தது. அராக்கி மாதிரி ஒருவர் எல்லாருக்கும் கிடைக்க மாட்டார்.

'சுவ்லாக்கி'யைக் கேட்காதவர்கள் கேளுங்கோ, யூரியூப்பில் முழுசா இருக்கு. கேட்டுப்போட்டுப் பிடிக்கவில்லை என்றாலும் பரவாயில்லை. ஏன் பிடிக்கவில்லை என்று எழுதுங்கோ. எந்தப் பாட்டு என்பதையும் சேர்த்து எழுதுங்கோ.